டெண்டர் திறக்கும் நாளுக்கு முன்னும் பின்னும்

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். உங்கள் சிறு நகரத்தில் மழைநீர் வடிகால் கட்ட டெண்டர் விட்டார்கள். மூன்று பேர் விலை போட்டார்கள். இருப்பதிலேயே குறைத்துப் போட்டவரைத் தள்ளிவிட்டு இரண்டாமவருக்கு வேலையைக் கொடுத்தார்கள். சில வருடங்களாகவே அதே நாலைந்து ஒப்பந்ததாரர்கள்தான் மாறி மாறி வேலை எடுக்கிறார்கள். நகர்மன்றக் கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வேறு இருபது தீர்மானங்களோடு சேர்ந்து, யாரும் வாய் திறக்காமல் ஒரே மூச்சில் நிறைவேறியது. “இது ஊழல்தானே? இல்லையென்றால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?” என்கிறீர்கள். முதல் கேள்விக்கு, நீங்கள் தந்த விவரங்களை மட்டும் வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. நீங்கள் கவனித்த மூன்றுமே நேர்மையான நகராட்சியிலும் நடக்கும், கெட்டுப்போன நகராட்சியிலும் நடக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் உண்டு. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எஸ்டிமேட் போடுவது, வந்த டெண்டர்களை ஒப்பிட்டு மன்றத்துக்குக் குறிப்பு எழுதுவது, வேலை நடக்கும்போது அளந்து பில் பார்ப்பது என்று நகராட்சிப் பொறியியல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வக்கீல் இல்லை. டெண்டர் சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் நகரத்துக்கு நகரம் மாறும். அதனால் விதி எண்களுக்குள் போகவில்லை. ஆனால் வேலை நகரும் விதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பொதுமக்களும் பத்திரிகைகளும் உற்றுப் பார்ப்பது டெண்டர் திறக்கும் அந்த ஒரு நாளை. என் அனுபவத்தில் மொத்த நடைமுறையிலும் சுத்தமான நாள் அதுதான். எல்லோர் முன்னிலையிலும் உறையைப் பிரிக்கிறார்கள், விலையை வாசிக்கிறார்கள், எழுதி வைக்கிறார்கள். பணம் தப்பிப் போவது பெரும்பாலும் அதற்கு முன்னால் எழுதிய காகிதங்களில், அல்லது கையெழுத்தான பிறகு மண்ணுக்குள்.

குறைந்த விலைக்காரரைத் தள்ளியதை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘குறைந்த விலைக்கே வேலை’ என்பது விதியின் பாதிதான். டெண்டர் ஆவணத்தில் கேட்டபடி முழுமையாகச் சமர்ப்பித்திருக்க வேண்டும், வேலையைச் செய்து முடிக்கும் தகுதியும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் தாண்டியவர்களில் யார் குறைவோ அவருக்குத்தான் வேலை. முன்வைப்புத் தொகை, அதாவது டெண்டரோடு பிணையாகக் கட்ட வேண்டிய பணம், வைக்காமல் வந்த டெண்டரைத் தள்ளுவது கறாராகத் தெரியலாம். காரணம் இருக்கிறது. மற்றவர்களின் விலை வெளியான பிறகு ‘நாளைக்குக் கட்டிவிடுகிறேன்’ என்று ஒருவரை அனுமதித்தால், அவர் இரவெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு, லாபம் இருந்தால் கட்டுவார், இல்லையென்றால் ஒதுங்கிக்கொள்வார். மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அதேபோல, டெண்டர் காலத்தின் நடுவில் குழாயின் விட்டத்தை மாற்றித் திருத்த அறிவிப்பு வந்திருக்கும். அதைப் பெற்றுக்கொண்டதாக ஒருவர் கையெழுத்துப் போடவில்லையென்றால் அவருடைய விலை எந்தக் குழாய்க்கு என்றே தெரியாது. இவை உண்மையான காரணங்கள். மாறாக, ஒரு பக்கத்தில் முத்திரை விட்டுப்போனது, கூட்டலில் பிழை என்பவற்றை வைத்து ஒருவரைத் தள்ளினால் யோசிக்க வேண்டும். கூட்டல் பிழைக்கு ‘அலகு விலையே (ஒரு மீட்டருக்கு, ஒரு கன மீட்டருக்கு என்று போடும் விலை) செல்லும், மொத்தத்தைத் திருத்திக்கொள்ளலாம்’ என்பது போன்ற வழி பெரும்பாலான டெண்டர் ஆவணங்களிலேயே எழுதியிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: தள்ளியதற்குச் சொன்ன காரணம் டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே இருந்ததா? அதே அளவுகோலை மற்ற இருவருக்கும் பிடித்தார்களா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அந்த முடிவில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சிலசமயம் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கிறது என்றே தள்ளுவார்கள். இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அடக்க விலைக்கும் கீழே எடுத்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போனால் நகரத்துக்கு இரட்டைச் செலவு. ஆனால் ‘குறைவு’ என்பதை யார் தீர்மானிப்பது? இத்தாலியில் இதற்காகவே, வந்த விலைகளின் சராசரியைக் கணக்கிட்டு அதற்கு அருகில் இருப்பவருக்கு வேலை கொடுக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. என்ன ஆனது என்றால், நிறுவனங்கள் குழுக்களாகச் சேர்ந்து ஏராளமான டெண்டர்களைப் போட்டு, சராசரியையே தங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்தின. தூரின் நகரில் இது நீதிமன்றம்வரை போனது. தூரின் 2003ல் அந்த முறையைக் கைவிட்டு, குறைந்த விலைக்கே வேலை என்று மாறியது. இப்படி மாறிய இடங்களில் என்ன நடந்தது என்று இத்தாலிய ஒப்பந்தங்களை ஆராய்ந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். டெண்டர் விலை நன்றாகவே இறங்கியது. ஆனால் வேலை நடக்கும்போது கூடுதல் செலவும் தாமதமும் ஏறின. உறையைப் பிரிக்கும் அன்று மிச்சமான பணத்தில் ஒரு பகுதி பிறகு வேறு வழியில் வெளியே போயிற்று.

அடுத்தது, அதே நாலைந்து பேர் வருவது. எந்த வேலை என்பதைப் பொறுத்து இதற்கு அர்த்தம் மாறும். தார்ச்சாலை என்றால் கலவையைச் சூடாகவே கொண்டுவந்து சூடாகவே போட வேண்டும். லாரி ஓடக்கூடிய தூரத்துக்குள் எத்தனை கலவை ஆலைகள் இருக்கின்றனவோ அத்தனை பேர்தான் உண்மையில் போட்டியிட முடியும். சிறு நகரத்துக்கு அது இரண்டாகவோ மூன்றாகவோ இருந்தால் அது பூகோளம், சதி இல்லை. கான்கிரீட் வடிகால் அப்படி இல்லை. அதற்குப் பெரிய ஆலையோ அரிய இயந்திரமோ தேவையில்லை, நடுத்தர நிறுவனங்கள் பல செய்யலாம். அதற்கும் மூன்று பேர்தான் வருகிறார்கள் என்றால் ஏன் என்று கேட்பது சரியான கேள்வி.

அதற்குப் பதில் எப்போதும் கூட்டுச் சதியாக, அதாவது ஒப்பந்ததாரர்கள் தங்களுக்குள் பேசி வைத்து விலை போடுவதாக, இருக்காது. யாரும் பேசாத ஒரு காரணம் இருக்கிறது: நகராட்சி பில்லை எத்தனை நாளில் பட்டுவாடா செய்கிறது என்பது. வேலை முடித்துப் பணத்துக்கு ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கும் ஊரில், சொந்தப் பணத்தைப் போட்டுக் காத்திருக்கக்கூடியவர்களும், பில்லை நகர்த்தும் வழி தெரிந்தவர்களும் மட்டுமே டெண்டர் போடுவார்கள். ஒழுங்காக வேலை செய்யும் சிறு நிறுவனம் ஒரு தடவை வந்து கையைச் சுட்டுக்கொண்டு போய்விடும். போட்டியைக் கூட்ட ஒரு நகரம் செய்யக்கூடிய உருப்படியான காரியம், சொன்ன தேதியில் பணம் கொடுப்பது. இதை நான் மிகவும் அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த மன்றக் கூட்டத்திலும் இது விவாதத்துக்கு வருவதில்லை.

கூட்டுச் சதியா என்று பார்க்க வேண்டுமானால் ஜெயித்தவரின் விலையைவிடத் தோற்றவர்களின் விலைகளைப் பாருங்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதி நெடுஞ்சாலை டெண்டர்களை ஆராய்ந்து போர்ட்டர், ஜோனா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1993ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. போட்டியாளர்கள் உண்மையாகவே போட்டியிட்டபோது, அவரவர் செலவுக்கு ஏற்றபடி விலைகள் வரிசையாக நின்றன. கையில் ஏற்கெனவே வேலை நிறைய இருப்பவர் கொஞ்சம் கூட்டிப் போட்டார். ஆனால் பேசி வைத்துக்கொண்டவர்கள் ஒப்புக்குப் போட்ட விலைகளுக்கும் அவர்களுடைய செலவுக்கும் தொடர்பே இல்லை. தோற்கத்தானே போடுகிறோம், கணக்குப் பார்ப்பானேன் என்று போட்டவை அவை. ஆராய்ச்சியாளர்கள் செய்த கணிதம் உங்களுக்குத் தேவையில்லை. ஐந்தாறு வருட டெண்டர்களின் ஒப்பீட்டுப் பட்டியல்களை (யார் எதற்கு என்ன விலை போட்டார் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுபவை) வாங்கி ஒரு தாளில் எழுதுங்கள். வேலைகள் முறைவைத்துச் சுற்றி வருகின்றனவா, தோற்றவரே பிறகு துணை ஒப்பந்ததாரராக அதே தளத்தில் நிற்கிறாரா, இருவர் ஒரே எழுத்துப் பிழையை அதே இடத்தில் செய்திருக்கிறார்களா, ஒருவரின் ஒவ்வொரு அலகு விலையும் இன்னொருவருடையதைவிடச் சரியாக அதே சதவீதம் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் தற்செயலாக இருக்கலாம். சிறு ஊரில் தோற்றவரிடம் ஜல்லியும் ஜேசிபியும் வாடகைக்கு எடுப்பது சாதாரணம். மூன்று நான்கு சேர்ந்து, வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் தற்செயல் என்று நான் நினைக்க மாட்டேன்.

‘எங்கள் பொறியாளரின் மதிப்பீட்டைவிடக் குறைவாகத்தானே வந்திருக்கிறது’ என்று உங்களுக்குப் பதில் சொல்லக்கூடும். அது ஒரு சான்றுதான், ஆனால் முழுச் சான்று இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கட்டுமானத் துறை ஊழலை விசாரிக்க 2011ல் ஷார்பொனோ ஆணையம் அமைத்தார்கள். 2015ல் அறிக்கை வந்தது. மாண்ட்ரியல் நகரின் சாக்கடை, நடைபாதை வேலைகளை நிறுவனங்கள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டதை அங்கே சாட்சிகள் விவரித்தார்கள். நகராட்சியின் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், பேசி வைத்த விலைகள் உறுத்தாமல் தெரிய வேண்டும் என்பதற்காக மதிப்பீட்டையே ஏற்றிக் காட்டியதாகவும் அதற்குப் பணம் வாங்கியதாகவும் ஒப்புக்கொண்டார். இன்னொரு விஷயம், எந்தக் கெட்ட நோக்கமும் இல்லாமலே மதிப்பீடு வீங்கிவிடும். சென்ற வருடம் வந்த டெண்டர் விலைகளை வைத்துத்தான் இந்த வருட மதிப்பீட்டைப் போடுகிறோம். அந்த விலைகளே ஏற்றிப் போட்டவையாக இருந்தால், நேர்மையான பொறியாளரின் மதிப்பீடும் அதைப் பின்தொடரும். அதனால் பக்கத்து நகரங்களில் அதே மாதிரி வடிகாலுக்கு ஒரு மீட்டருக்கு என்ன விலை வந்தது என்று பாருங்கள். மண்ணும் ஆழமும் வேறுபடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

டெண்டர் ஆவணம் எழுதும் கட்டத்தில் போட்டியைக் குறைக்கும் வழிகள் ஏராளம். பலவற்றுக்கு நல்ல காரணமும் இருக்கும் என்பதுதான் சிக்கல். ஒரே ஒரு நிறுவனம் தயாரிக்கும் பொருளின் பெயரைக் குறிப்பிட்டு ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற சொற்களை விட்டுவிடுவது. வேலையின் மதிப்பைவிட மூன்று மடங்கு பெரிய வேலையை ஏற்கெனவே செய்திருக்க வேண்டும் என்று தகுதி வைப்பது. பெரிய விடுமுறை வாரத்தில் டெண்டரை அறிவித்து அது முடிந்த மறுநாளே கடைசித் தேதி வைப்பது. ஒரு சாலையை நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றும் பகிரங்க டெண்டர் தேவைப்படும் வரம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி செய்வது. இவை வெளிப்படையானவை. அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒன்றைச் சொல்கிறேன்: எல்லாப் போட்டியாளர்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் தளத்தைப் பார்க்க வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை. பார்க்க நல்ல ஏற்பாடு. ஆனால் யார் யார் விலை போடப் போகிறார்கள் என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பேசி வைக்க நினைப்பவர்களுக்கு முதலில் தேவைப்படுவதே அந்தப் பட்டியல்தான்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையாகப் படியுங்கள். அலகு விலை ஒப்பந்தத்தில், ஒவ்வொரு இனத்துக்கும் (மண் வெட்டுவது, பாறை உடைப்பது போன்ற ஒவ்வொரு வேலைக்கும்) உத்தேச அளவை நகராட்சி கொடுக்கும், ஒப்பந்ததாரர் அலகு விலையைப் போடுவார். உண்மையில் செய்த அளவுக்குத்தான் பணம். மண் வெட்டுவது 1,000 கன மீட்டர், பாறை உடைப்பது 50 கன மீட்டர் என்று பட்டியலில் இருக்கிறது என்று வையுங்கள். முதலாமவர் மண்ணுக்கு 100, பாறைக்கு 600 போடுகிறார். மொத்தம் 1,30,000. இரண்டாமவர் மண்ணுக்கு 60, பாறைக்கு 1,200 போடுகிறார். மொத்தம் 1,20,000. இரண்டாமவர் ஜெயிக்கிறார், எல்லோருக்கும் திருப்தி. தோண்டிப் பார்த்தால் மண் 700, பாறை 350. இப்போது முதலாமவராக இருந்திருந்தால் 2,80,000 ஆகியிருக்கும். இரண்டாமவருக்கு 4,62,000 கொடுக்க வேண்டும். டெண்டர் திறந்த அன்று மலிவாக இருந்தவர் வேலை முடிந்த அன்று மிக விலை உயர்ந்தவராகிவிட்டார்.

இரண்டாமவருக்குப் பாறை அதிகம் வரும் என்று எப்படித் தெரிந்தது? அங்கேதான் உறுதியாகச் சொல்ல முடியாத இடம் வருகிறது. பக்கத்துத் தெருவில் முன்பு தோண்டிய அனுபவத்தால் கணித்திருக்கலாம், அது அவருடைய திறமை. உள்ளே இருந்து யாரோ சொல்லியிருக்கலாம், அது குற்றம். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் நகராட்சியின் தவறு இரண்டிலும் ஒன்றுதான்: பத்து இடங்களில் துளையிட்டு மண்ணைப் பார்க்காமல் மேசையில் உட்கார்ந்து ‘பாறை 50’ என்று எழுதியது. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிப்பது சிறு நகராட்சிகளின் பழைய வியாதி. ஒப்பீட்டுப் பட்டியல் உங்கள் கைக்கு வந்ததும் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்த இனத்தில் ஜெயித்தவரின் விலை மற்றவர்களைவிடப் பல மடங்கு ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்று பாருங்கள். அந்த இனத்தின் அளவு வேலை முடியும்போது என்ன ஆனது என்பதைக் கவனிப்பதே ஒரு சாதாரணக் குடிமகன் செய்யக்கூடிய பயனுள்ள தணிக்கை.

கையெழுத்தான பிறகு கூடுதல் பணி உத்தரவுகள் வரும். இதைக் கேட்டாலே சந்தேகப்பட வேண்டியதில்லை. பழைய நகரத்தில் தோண்டினால் வரைபடத்தில் இல்லாத குடிநீர்க் குழாயும் கேபிளும் கிளம்பும், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது எண்ணிக்கையையும் அளவையும். பல நகரங்களில் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும் கூடுதல் பணியை மன்றத்துக்குக் கொண்டுவராமல் அதிகாரியே அனுமதிக்கலாம். அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்து ஐந்து உத்தரவுகள் வந்திருந்தால், ஏன் ஒரே உத்தரவாக மன்றத்துக்கு வரவில்லை என்று கேளுங்கள். அப்புறம், மூடிப்போகும் வேலை. குழாய்க்கு அடியில் போட வேண்டிய மணல் படுகை, வடிகாலின் அடித்தளக் கான்கிரீட், சாலையின் கீழ் அடுக்கு எல்லாம் மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாதவை. 50 மில்லிமீட்டர் தார் அடுக்கு 40 ஆகிவிட்டால் பொருளில் ஐந்தில் ஒரு பங்கு வரவே இல்லை என்று அர்த்தம், கண்ணுக்கோ வித்தியாசம் தெரியாது. துளையிட்டு மாதிரி எடுத்தால்தான் தெரியும். அதனால்தான் மூடுவதற்கு முன் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவதும், தேதியோடு படம் எடுப்பதும் முக்கியம். பெரிய அறிக்கைகளில் பேசப்படும் கூட்டுச் சதிகளைவிட, அளக்காமல் எழுதிய அளவுகளில் சிறு நகரங்கள் இழப்பதே அதிகம் என்பது என் கருத்து. இதற்குப் புள்ளிவிவரம் என்னிடம் இல்லை, தளத்தில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மன்றக் கூட்டத்துக்கு வருகிறேன். இருபது தீர்மானங்களை ஒட்டுமொத்தமாக நிறைவேற்றுவது பல நாடுகளில் வழக்கம்தான். கவுன்சிலர்கள் பெரும்பாலும் வேறு பிழைப்பு உள்ளவர்கள், மாதத்தில் ஓரிரு மாலைகள் கூடுகிறவர்கள். சர்ச்சை இல்லாத விஷயங்களை ஒரே வாக்கில் முடித்துவிட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். பொதுவாக, எந்த உறுப்பினரும் ஒரு பொருளைப் பட்டியலிலிருந்து பிரித்துத் தனியாக விவாதிக்கச் சொல்லலாம். அதை வாக்கெடுப்புக்கு முன் சொல்ல வேண்டும். ஆகவே அஜெண்டா வெளியானதும் உங்கள் கவுன்சிலரிடம் எந்தப் பொருள், என்ன கேள்வி என்று எழுதிக் கொடுப்பது, கூட்டத்தில் எழுந்து நின்று சத்தம் போடுவதைவிடப் பலமடங்கு வேலை செய்யும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கு வேலை என்பதில் கவுன்சிலர்கள் ரொம்பவும் நுழையாமல் இருப்பது நல்லது. விதிகளை வகுப்பதும், விதிப்படி நடந்ததா என்று சோதிப்பதும் அவர்கள் வேலை. ‘நம்ம ஊர்க்காரருக்குக் கொடுக்கலாமே’ என்று மன்றம் பேசத் தொடங்கினால் வெளியூர் நிறுவனங்கள் அடுத்த தடவை விலை போட வராது.

மன்றத்தின் மௌனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் இரண்டு சிறு நகரங்களைச் சொல்வேன். கலிபோர்னியாவின் பெல் நகரில் மக்கள்தொகை சுமார் 35,000. அதன் நகர நிர்வாகி வருடத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்குவதை 2010ல் ஒரு நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. பகுதிநேரக் கவுன்சிலர்களில் நால்வர் ஏறக்குறைய 1 லட்சம் டாலர் வாங்கினார்கள். அதற்கு வழிவிட்டது 2005ல் நடந்த ஒரு சிறப்பு வாக்கெடுப்பு. அதில் வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. கூட்டமே நடத்தாத குழுக்களின் பெயரில் கவுன்சிலர்கள் படி வாங்கினார்கள்.

இன்னொன்று இல்லினாய் மாநிலத்தின் டிக்ஸன், சுமார் 16,000 பேர் வாழும் ஊர். அதன் கணக்குப் பொறுப்பாளர் ரீட்டா கிரண்ட்வெல் 1990 முதல் 2012 வரை நகரத்தின் பணம் 5 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துவிட்டார். சாக்கடை மேம்பாட்டு நிதி என்று நினைக்கத்தக்க பெயரில் ஒரு ரகசிய வங்கிக் கணக்கு வைத்திருந்தார். மாநில அரசு அனுப்பியதைப் போன்ற பொய்ப் பில்களைத் தயாரித்து, நகரின் பணத்தை அதற்குள் மாற்றினார். பற்றாக்குறைக்கு, மாநிலம் தர வேண்டிய பணம் தாமதமாகிறது என்று மன்றத்திடம் சொன்னார். மன்றம் செலவை வெட்டிக்கொண்டே போனது. ‘இந்தப் பில்லுக்குரிய வேலை எந்தத் தெருவில் நடந்தது?’ என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. வருடா வருடம் தணிக்கையும் நடந்தது. 2011ல் அவர் நீண்ட விடுப்பில் இருந்தபோது அவருடைய வேலையைப் பார்த்த ஊழியர், வங்கியிலிருந்து எல்லாக் கணக்கு அறிக்கைகளையும் கேட்டு வாங்கினார். அப்போதுதான் வெளியே வந்தது. 2013ல் அவருக்கு 19 வருடம் 7 மாதம் சிறைத்தண்டனை விதித்தார்கள். டெண்டர் முறைகேடே இல்லாமல், பொதுப்பணியின் பெயரை மட்டும் வைத்து நடந்த திருட்டு இது. பில்லைத் தயாரிப்பவர், பணம் கொடுப்பவர், வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பவர் மூவரும் ஒரே ஆளாக இருந்தால் எந்தத் தீர்மானமும் காப்பாற்றாது. உங்கள் நகரில் இந்த மூன்று வேலைகளையும் யார் யார் செய்கிறார்கள் என்று கேட்பதற்கு ஊழல் சந்தேகம் எதுவும் தேவையில்லை.

சரி, நீங்கள் இப்போது என்ன செய்யலாம்? வடிகால் வேலைக்கான டெண்டர் அறிவிப்பு, அதன் திருத்தங்கள், திறப்புப் பதிவு, இனவாரி ஒப்பீட்டுப் பட்டியல், குறைந்த விலைக்காரரைத் தள்ளப் பரிந்துரைத்த குறிப்பு, மன்றத் தீர்மானம், ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் உள்ள இடங்களில் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்க வேண்டியவை. ஸ்லோவாக்கியாவில் 2011 முதல் பொது ஒப்பந்தங்கள் இணையத்தில் வெளியானால்தான் செல்லுபடியாகும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் இடத்தில் அப்படி இல்லையென்றால் எழுதிக் கேட்பதுதான் வழி. ‘ஊழல் நடந்திருக்கிறது, விளக்கம் தரவும்’ என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். ‘இந்த இனத்தில் அலகு விலை மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு. உத்தேச அளவை எந்த ஆய்வின் அடிப்படையில் குறித்தீர்கள்?’ என்று எழுதினால் பொறியாளர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். தேர்வை எதிர்த்து முறையீடு செய்யும் உரிமை பல இடங்களில் தோற்ற போட்டியாளருக்கு மட்டுமே உண்டு, அதற்கும் காலக்கெடு சில நாட்கள்தான். உங்களுக்கு அந்த உரிமை உண்டா என்பதை உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பட்டியல்களைப் பார்த்து, பேசி வைத்த டெண்டர் என்று வலுவான சந்தேகம் வந்தால், ஒப்பந்ததாரர்களிடமோ அவர்களுக்கு நெருக்கமானவர்களிடமோ அதைப் பேச வேண்டாம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2009ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதிகாரிகளுக்கே இதைத்தான் சொல்கிறது. கேள்விப்பட்ட மறுநாளே ஆதாரம் மறைந்துவிடும். எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தொகுத்து, உங்கள் நாட்டின் போட்டி ஆணையத்திடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ நேராகக் கொடுங்கள். உங்கள் பெயருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வடிகால் விஷயத்தில், தள்ளிய காரணம் முன்வைப்புத் தொகை இல்லாதது என்று வந்தால் நானும் அப்படித்தான் பரிந்துரைத்திருப்பேன், அதை விட்டுவிடுங்கள். ‘அனுபவம் போதாது’ என்று வந்தால், எவ்வளவு அனுபவம் என்று டெண்டர் ஆவணத்தில் எழுதியிருந்ததா என்று பாருங்கள். எழுதாமல் பிறகு கண்டுபிடித்த காரணம் என்றால் அதை விடாதீர்கள். எதுவாக இருந்தாலும் கடந்த ஐந்து வருடத்தில் முடிந்த ஒவ்வொரு பொதுப்பணிக்கும் இரண்டு தொகைகளைக் கேட்டு வாங்குங்கள்: ஒப்பந்தம் போட்டபோது எவ்வளவு, கடைசி பில் முடிந்தபோது எவ்வளவு. சில வேலைகள் ஏறியும் சில இறங்கியும் இருந்தால் அது தோண்டும் வேலையின் இயல்பு. ஒரே ஒப்பந்ததாரரின் வேலைகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டாம் விலைக்காரரின் தொகையைத் தாண்டியே முடிந்திருந்தால், வேலை கொடுத்த நாளின் கோப்பை மூடி வைத்துவிட்டு, அந்த வேலைகளின் அளவுப் புத்தகங்களையும் கூடுதல் பணி உத்தரவுகளையும் கேளுங்கள்.